கார்னெகி என்னும் பெயர்: முன்னேற்ற இலக்கியம் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் ஆகியன குறித்து எம்மிடையே விமரிசனங்கள் பல எழுந்துள்ளன. ஆயின் இவற்றிற் பலவற்றைக் காட்டிலும் மிகுதியாக வாசிக்கப்படுவதும், வாசிப்போரின் உலகநோக்கை அவர்கள் அறியாமலே உருவாக்குவதுமான ஒருவகை எழுத்து விமரிசகரின் கவனத்தைப் பெரும்பாலும் பெறுவதில்லை. வாழ்க்கையில் முன்னேறும் வழியைக் கற்பிக்கும் நூல்களையே குறிப்பிடுகிறோம். இவை இலக்கியமாகா என்று ஒதுக்கிவிடுதல் எளிது. எனினும் கதை கூறல், பாத்திரங்களை வார்த்தல், நிகழ்ச்சிகளைத் தெரிந்தெடுத்தல், வேண்டாதவற்றை விலக்கல் என இலக்கியத்துக்குரியனவாக நாம் கருதும் உத்திகள் யாவும் இந்நூல்களிலும் தொழிற்படுகின்றன. எதைச் சொல்கின்றன என்பதைப் போலவே எதைச் சொல்லாது விடுகின்றன என்பதும் இவற்றில் ஆராயத்தக்கது. ஒரு பெயரைப் பற்றிக்கொண்டு இவ்வாராய்ச்சியிற் சிறிது தூரம் செல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கார்னெகி என்பது ஸ்கொட்லாந்தின் அங்கஸ் பகுதியிலுள்ள ஓர் இடத்தின் பெயரிலிருந்து பிறந்த குடும்பப் பெயர். இப்பெயரை உலகறியச் செய்தவர் இருவர். ஒருவர் உருக்குத் தொழிலாற் பெருஞ்செல்வம் திரட்டி, பின்னர் அதிற் பெரும்பகுதியை அறங்களுக்கு வழங்கிய அன்ட்ரூ கார்னெகி (1835 - 1919). மற்றவர் முன்னேற்ற நூல்களின் பேராசானாக மதிக்கப்படும் டேல் கார்னெகி (1888 - 1955). இவ்விருவருக்கும் இரத்த உறவு இல்லை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஏழை விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்த டேல், தமது குடும்பப் பெயரை முதலில் வேறுவிதமாகவே எழுதிவந்தார். முதலாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில், உருக்கு மன்னரின் பெயர் நாடெங்கும் போற்றப்பட்ட சூழலில், தம் பெயரின் எழுத்துக்களை அதற்கிணங்க மாற்றிக்கொண்டார். பெயரை இரவல் பெற்றது ஒரு தனிமனிதரின் சாதுரியம் மட்டுமன்று. கைத்தொழிலிலிருந்து கொடைக்கும், கொடையிலிருந்து சுயமுன்னேற்றத்துக்கும் ஒரு கருத்து பெயர்ந்த வரலாறு அதனுள்ளே அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றில் இடைவழியிற் கைவிடப்பட்டது யாது என்பதே எமது வினா.

வரலாறு தொடங்குமிடம் ஸ்கொட்லாந்தின் டன்பேர்ம்லின் நகரம். பூவேலைப்பாடமைந்த லினன் துணிக்குப் பேர்பெற்ற அந்நகரில் அன்ட்ரூவின் தந்தை வில்லியம் கைத்தறி நெசவாளராக இருந்தார். நீராவித் தறிகள் வந்தபோது அவரது தறிகள் ஓய்ந்தன. இனி வேலையில்லை என்று தந்தை வீட்டில் வந்து கூறிய நாளை, அன்ட்ரூ தமது சுயசரிதையில் உருக்கமாக நினைவுகூருகிறார். வாக்குரிமை முதலிய அரசியல் உரிமைகளை உழைக்கும் மக்களுக்குக் கோரிய சாட்டிஸ இயக்கத்தில் அக்குடும்பம் ஈடுபட்டிருந்தது. 1848ஆம் ஆண்டு, அவ்வியக்கம் தளர்வுற்ற அதே ஆண்டில், அது கடன்பெற்றுக் கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சென்றடைந்தது.

டன்பேர்ம்லின் பற்றிச் சுயசரிதை கூறும் செய்தியொன்று எமது நோக்கில் முதன்மையானது. அந்நகரின் முதலாவது இரவல் நூல்நிலையத்தை உருவாக்கியோர் நெசவாளர் சிலராவர். வில்லியமும் அவருள் ஒருவர். தத்தம் கைவசமிருந்த சில புத்தகங்களை அவர்கள் ஒன்றுசேர்த்துப் பொதுவாக்கினர். அந்நூல்நிலையம் பலமுறை இடம்மாறியது. முதன்முறை மாறியபோது நெசவாளர்கள் அப்புத்தகங்களைத் தமது வேலை உடுப்பின் மடியிலும் நிலக்கரி அள்ளும் வாளிகள் இரண்டிலும் சுமந்து சென்றனர். சுயமுன்னேற்றம் என்று பின்னர் பெயர்பெற்றது, இங்கு எவ்வடிவில் நிலவியது என்பது மனங்கொள்ளத்தக்கது. எவரும் எவருக்கும் கொடை வழங்கவில்லை. எவரும் எதையும் விற்கவுமில்லை. அறிவைத் தேடுதலும் உரிமையைக் கோருதலும் ஒரே கூட்டத்தாரின் ஒரே முயற்சியின் இரு பக்கங்களாயிருந்தன.

அமெரிக்காவில் அன்ட்ரூ பஞ்சாலையிலே நூற்சுருள் மாற்றும் சிறுவனாக வாரம் 1 டொலர் 20 சதத்துக்கு வேலை தொடங்கினார். பின்னர் தந்தி கொண்டுசெல்லும் பையனானார். அக்காலத்திலே கேணல் அன்டர்சன் என்னும் கனவான் தம்மிடமிருந்த 400 நூல்களை உழைக்கும் சிறுவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் இரவல் வழங்கிவந்தார். கையால் தொழில் செய்வோருக்கே கட்டணமின்றி நூல் தரப்படும் என்றும், ஏனையோர் ஆண்டுக்கு இரண்டு டொலர் செலுத்தவேண்டும் என்றும் பின்னர் ஒரு விதி வந்தபோது, தந்திச் சிறுவரும் உழைப்பாளரே என வாதிட்டு 1853இல் அன்ட்ரூ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், விதி தளர்ந்தது. பதினேழு வயதுச் சிறுவனின் அக்கடிதத்தில் டன்பேர்ம்லின் நெசவாளரின் குரல் இன்னும் கேட்கிறது. நூலைப் பெறுதல் அவனுக்கு அருள் அன்று, உரிமை.

அதே மனிதர் 1889 ஜூனில் ‘செல்வம்’ என்ற கட்டுரையை வெளியிட்டபோது கட்சி மாறிவிட்டது. செல்வர் தமது தேவைக்கு மிஞ்சிய பொருளைச் சந்ததியாருக்கு வைத்துச் செல்லாது, தாம் வாழுங்காலத்திலேயே சமுதாய நலனுக்குச் செலவிட வேண்டும் என்பது அக்கட்டுரையின் சாரம். பெருஞ்சொத்துக்களுக்கு மரண வரி விதித்தலை அவர் வரவேற்றார். தம் காலத்துச் செல்வரிடையே இவை துணிவான கருத்துக்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் கட்டுரையின் தருக்கம் ஓரிடத்திலே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. செல்வர் ஒருவரிடம் திரண்டு பொதுப்பணியாக வெளிப்படும் அதே பணம், சிறு சிறு தொகையாக மக்களிடையே பகிரப்பட்டிருப்பின் உண்டும் குடித்தும் வீணாகியிருக்கும் என்று அவர் வாதிடுகிறார். அதாவது, கூலியாகச் சென்றால் வீணாகும் பணம் கொடையாகச் சென்றால் பயன்படும். தனக்கு எது நன்று என்பதைத் தொழிலாளி அறியான். அவனுக்காக அறியும் பொறுப்பு செல்வருடையது. புத்தகங்களை மடியிலே சுமந்த நெசவாளரைப் பெற்ற நகரிலே பிறந்தவர் இவ்வாறு எழுத நேர்ந்தமை, தனிமனிதரின் மனமாற்றம் என்பதினும் அவர் நின்ற வர்க்க நிலையின் மாற்றம் எனல் பொருந்தும்.

இக்கருத்து ஏட்டில் மட்டும் நின்றுவிடவில்லை. பிற்ஸ்பேர்க் நகரை அடுத்த பிறடொக்கில் இருந்த அவரது எட்கர் தொம்சன் ஆலையில் எட்டு மணிநேர வேலைமுறை நிலவியது. 1888இல் ஆலை மூடப்பட்டு, பிங்கர்ட்டன் நிறுவனத்தின் காவலாட்களின் துணையோடு மீளத் திறக்கப்பட்டபோது, வேலைநேரம் பன்னிரண்டு மணியாயிற்று. அடுத்த ஆண்டு, 1889இல், அதே பிறடொக்கில் அமெரிக்காவின் முதலாவது கார்னெகி நூல்நிலையம் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உலையின் முன் நின்றவனுக்கு அந்நூல்நிலையத்தின் கதவைத் திறக்கும் நேரமும் தெம்பும் எங்கிருந்து வரும்? உருக்குத் தொழிலிற் பன்னிரண்டு மணிநேர வேலைமுறை ஒழியத் தொடங்கியது 1923ஆம் ஆண்டிலேதான்.

மூன்று ஆண்டுகளின் பின் நிகழ்ந்தது ஹோம்ஸ்டெட் போராட்டம். தொழிற்சங்கத்துடனான உடன்படிக்கை 1892 ஜூன் இறுதியில் முடிவுற இருந்தது. தொழிற்சங்கங்கள் அமைக்கும் உரிமையை ஆதரித்து 1886இல் கட்டுரை எழுதியிருந்த கார்னெகி, 1892 ஏப்ரிலிலே அவ்வாலையைச் சங்கமற்ற ஆலையாக்கும் அறிவித்தலின் நகலைத் தம் கையாலேயே எழுதித் தம் பங்காளரான ஹென்றி பிறிக்கிற்கு அனுப்பிவிட்டு, கோடையைக் கழிக்க ஸ்கொட்லாந்து சென்றார். ஜூலை 6ஆம் திகதி விடியற்காலையில் ஆயுதந்தாங்கிய பிங்கர்ட்டன் ஆட்கள் 300 பேர் ஆற்றுவழியே படகுகளில் வந்திறங்க முற்பட்டபோது மோதல் மூண்டது. இரு தரப்பிலுமாகப் பத்துப்பேரளவில் மாண்டனர். பின்னர் மாநிலப் படையினர் 8,000 பேருக்கு மேல் வந்து ஆலையைக் கைப்பற்றினர். நவம்பரில் போராட்டம் தோல்வியுற்றது, சங்கம் நொருங்கியது. 1898இல் ஹோம்ஸ்டெட்டிலும் இசை மண்டபமும் நீச்சற் குளமும் கொண்ட அழகியதொரு கார்னெகி நூல்நிலையம் எழுந்தது.

1901இல் தம் தொழிலை 480 மில்லியன் டொலருக்கு விற்ற அவர், இறக்குமுன் ஏறத்தாழ 350 மில்லியன் டொலரை அறங்களுக்கு வழங்கினார். உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூல்நிலையங்கள் அவர் பெயரால் எழுந்தன. நிலத்தை ஊரார் தரவேண்டும். கட்டடத்துக்கு வழங்கிய தொகையிற் பத்திலொரு பங்கை ஆண்டுதோறும் நகரவை பராமரிப்புக்கு ஒதுக்கவேண்டும் என்பது அவரது நிபந்தனை. இந்நிபந்தனையினால் அந்நூல்நிலையங்கள் ஒருவகையில் மீளவும் மக்கள் சொத்தாயின என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றிற் படித்து உயர்ந்தோர் எண்ணற்றோர். கொடையை இகழ்தல் எமது கருத்தன்று. கொடையின் கணக்கு, கூலியின் கணக்கை மறைத்துவிடலாகாது என்பதே எமது கருத்து.

இனி, எழுத்து என்ற வகையிலே சுயசரிதைக்கும் டேல் கார்னெகியின் நூலுக்குமுள்ள தொடர்பை நோக்குவோம். அன்ட்ரூவின் சுயசரிதை அவர் மறைந்தபின் 1920இல் வெளிவந்தது. டேல் கார்னெகி, நண்பர்களைப் பெறவும் பிறரைத் தம்வயப்படுத்தவும் வழிகூறும் தமது புகழ்பெற்ற நூலை 1936இல் வெளியிட்டார். இரண்டிலும் இடம்பெறும் கதையொன்று உண்டு. சிறுவன் அன்ட்ரூ முயல் வளர்த்தான். குட்டிகள் பெருகியபோது தீனி போதவில்லை. தழை பறித்து வரும் தோழர் ஒவ்வொருவர் பெயரையும் ஒவ்வொரு குட்டிக்குச் சூட்டுவதாக வாக்களித்தான். தோழர்கள் மகிழ்ந்து பறித்து வந்தனர்.

டேல் கார்னெகியின் நூலில் இது, மனிதர் தத்தம் பெயரை எவ்வளவு விரும்புகின்றனர் என்பதற்கு உதாரணம். தொடர்ந்து, உருக்காலைக்கு எட்கர் தொம்சன் என்ற ரயில்வேத் தலைவரின் பெயரையே சூட்டி அவரிடம் தண்டவாளம் விற்ற கதையும் வருகிறது. சிறுவன் கண்ட சூத்திரத்தை வளர்ந்த மனிதர் வணிகத்திற் கையாண்டார்; வாசகரும் அவ்வாறே செய்க என்பது பாடம்.

சுயசரிதையிலோ கதை இவ்வளவில் நின்றுவிடவில்லை. பருவம் முழுவதும் தழை பறித்த தோழர்களுக்குத் தாம் அளித்தது வெறும் பெயர் மட்டுமே என்பதை எண்ணும்போது மனச்சாட்சி உறுத்துவதாக முதியவர் எழுதுகிறார். உழைப்புக்கு வழங்கப்பட்ட கூலிகளுள் அதுவே மிக அற்பமானது என்றும் கூறுகிறார். நகைச்சுவை கலந்த வாக்கியமே எனினும், முயற் கூட்டின் முன் நின்ற சிறுவனிடத்தில் ஆலை முதலாளியை அவர் ஒரு கணம் கண்டுகொள்கிறார். அச்சொல்லிலே உழைப்பு இருக்கிறது, கூலி இருக்கிறது, இரண்டுக்குமிடையிலுள்ள அநீதி பற்றிய உணர்வும் இருக்கிறது. டேல் கார்னெகியின் நூலிலே கதை எஞ்சியது; உறுத்தல் உதிர்ந்தது. முதலாளி தாமே ஒப்புக்கொண்ட குற்றம், மாணாக்கர் கையில் வெற்றியின் இரகசியமாகிவிட்டது. முன்னேற்ற இலக்கியத்தின் முழு இயல்பையும் இவ்வொரு நீக்கத்திலே கண்டுகொள்ளலாம்.

அதே பகுதியிலே இன்னொரு கூற்றும் உண்டு. தொழிலாளர் பலரைப் பெயர்சொல்லி அழைக்கக்கூடியவர் கார்னெகி என்றும், அவர் நேரிற் பொறுப்பேற்றிருந்த காலத்தில் அவரது உருக்காலைகளை எந்த வேலைநிறுத்தமும் குலைத்ததில்லை என அவர் பெருமையுற்றார் என்றும் நூலாசிரியர் எழுதுகிறார். இப்பெருமையின் வேரைச் சுயசரிதையிற் காணலாம்: தொழிலாளருடன் தாம் நேரிற் பழகிய இருபத்தாறு ஆண்டுகளும் இனிமையாகவே கழிந்தன என அன்ட்ரூ அங்குக் கூறுகிறார். எனினும் சுயசரிதை ஹோம்ஸ்டெட்டுக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்குகிறது. அதிலே தற்காப்பு மிகுதி. தம்மை அன்புள்ள எசமானராகக் கருதித் தாம் செய்யவேண்டியது யாதென வினவித் தொழிலாளர் தந்தி அனுப்பினர் என்று எழுதுமளவுக்கு மிகுதி. ஆயினும் காயம் அங்கே தெரிகிறது. டேல் கார்னெகியின் வாக்கியத்திலோ காயமும் இல்லை, தழும்பும் இல்லை. ‘நேரிற் பொறுப்பேற்றிருந்த காலத்தில்’ என்ற ஒரு தொடர் பத்து உயிர்களைப் பக்கத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. பிறடொக்கின் 1888ஆம் ஆண்டுப் பிணக்கிலே கார்னெகி நேரில் ஈடுபட்டிருந்தார் என்பதை நோக்குமிடத்து, அத்தொடரும் வரலாற்றின் முன் நிற்கமாட்டாது.

பிறிதோர் உதாரணம் கொலராடோ நிலக்கரிச் சுரங்கங்கள் பற்றியது. இனிய சொல் பகையை வெல்லும் என்பதற்குச் சான்றாக, இளைய றொக்பெல்லர் 1915இல் அங்கு ஆற்றிய உரையொன்றை நூல் எடுத்துக்காட்டுகிறது. குருதி சிந்திய வேலைநிறுத்தத்தின் பின் அவர் நட்போடு பேசியதாகவும், தொழிலாளர் கூலி உயர்வு பற்றி மறுபேச்சின்றி வேலைக்குத் திரும்பியதாகவும் கூறுகிறது. ஆனால் 1913 செப்டெம்பரில் தொடங்கிய அவ்வேலைநிறுத்தம், 1914 ஏப்ரில் 20இல் லட்லோவிலே தொழிலாளரின் கூடாரங்கள் எரிக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் மாண்டபின், சங்கத்தின் பணம் தீர்ந்த நிலையில் அவ்வாண்டு டிசம்பரிலேயே கைவிடப்பட்டுவிட்டது. றொக்பெல்லர் கொலராடோ சென்றது அடுத்த ஆண்டு செப்டெம்பரில். பட்டினியும் துப்பாக்கியும் முடித்துவைத்த ஒன்றை, இனிய சொல்லொன்று முடித்துவைத்ததாக நூல் கதைகட்டுகிறது. விபரப் பிழை எந்நூலிலும் நேரலாம். பிழை எப்போதும் ஒரே திசையிற் சாயுமாயின் அதனைக் கருத்தியல் என்றே அழைக்கவேண்டும்.

இந்நூல் இத்துணை வரவேற்பைப் பெற்றமைக்குக் காரணமென்ன? வாசகரை ஏமாளிகள் என்று கூறுதல் விமரிசனமாகாது. 1933ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் உழைப்பாளருள் நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். பெரிய நிறுவனங்களிலே விற்பனையாளராகவும் எழுதுவினைஞராகவும் தொழில்புரிந்தோருக்கு, வேலையைக் காத்துக்கொள்ளும் வழி மேலாளரின் முகக்குறிப்பிலேயே இருப்பதாகத் தோன்றியது. 1912 முதல் நியூயோர்க்கில் இரவு வகுப்புக்களில் இத்தகையோருக்கு மேடைப்பேச்சுக் கற்பித்த டேல் கார்னெகி, அவர்களின் அச்சத்தை அருகிருந்து அறிந்தவர். பிறர் கூறுவதைச் செவிமடுத்தல், வீண் குறைகூறலைத் தவிர்த்தல் என அவர் கற்பித்தவை தம்மளவில் நல்லனவே. தொழிலறிவினால் வருவது வருமானத்தில் 15 வீதமே, மனிதரைக் கையாளும் திறனால் வருவது 85 வீதம் என்று நூல் கூறுவதும், அதற்குச் சான்றாக அன்ட்ரூ கார்னெகியின் கொடையால் எழுந்த நிறுவனங்களையே காட்டுவதும் சுவையான ஓர் ஒருமைப்பாடு. இரவல் வாங்கிய பெயருக்கு மூலப் பெயரே சான்று கூறுகிறது.

ஆயின் அதே 1936ஆம் ஆண்டு ஜூனிலே உருக்குத் தொழிலாளர் மீளவும் சங்கமாகத் திரளத் தொடங்கினர். 1937 மார்ச்சில், கார்னெகியின் ஆலைகளைத் தன்னகத்தே கொண்டிருந்த அமெரிக்க உருக்குக் கூட்டுத்தாபனம் அச்சங்கத்தை ஏற்று உடன்படிக்கை செய்தது, கூலி உயர்ந்தது, எட்டு மணிநேர வேலைநாள் ஏற்கப்பட்டது. ஒரே நெருக்கடிக்கு இரு விடைகள் ஒரே வேளையில் எழுந்தன. ஒன்று, நீ உன்னை மாற்றிக்கொள் என்றது. மற்றது, நாம் நிலைமையை மாற்றுவோம் என்றது. முதலாவது விடை நூலாயிற்று, கோடிக்கணக்கில் விற்றது. இரண்டாவது விடையை முன்னேற்ற நூல்களில் நாம் காண்பதில்லை.

நெசவாளரின் பொதுவுடைமையாயிருந்த அறிவு, செல்வரின் கொடையாகி, ஈற்றிலே தனிமனிதர் விலைகொடுத்து வாங்கும் பண்டமாயிற்று. ஒவ்வொரு படியிலும் உடனிருந்தோர் தொகை சுருங்கியது. நெசவாளரிடம் ஒரு கூட்டம் இருந்தது. கொடையாளரின் நூல்நிலையத்தில் ஓர் ஊராவது இருந்தது. முன்னேற்ற நூலின் வாசகனோ தனியன். ஏனைய மனிதர் அவனுக்குத் தோழரல்லர், வெல்லப்பட வேண்டியோர்.

இது எமக்குப் புறம்பான செய்தியன்று. பட்டம் பெற்று வெளியேறும் இளைஞன் நேர்முகப் பரீட்சைகள் பலவற்றுக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பும்போது, இந்நூல்கள் அவனுக்குக் கூறும் விளக்கம் ஒன்றே: குறை உன் புன்னகையிலும் பேச்சிலும் உள்ளது. வேலைகள் ஏன் இல்லை என்ற வினா எழுமுன்னரே அடங்கிவிடுகிறது. அவன் தன்னையே குற்றவாளியாக்கித் தானே தண்டனையும் அனுபவிக்கிறான். இதனையே இவ்வெழுத்தின் மிகக் கொடிய விளைவாக நாம் கருதுகிறோம்.

அதற்காகச் சுயமுன்னேற்றம் என்ற கருத்தையே கைவிடவேண்டும் என்பதில்லை. அக்கருத்து முதலாளிகளின் கண்டுபிடிப்பன்று. உழைப்போரிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டது. நிலக்கரி வாளிகளிலே புத்தகம் சுமந்தவர்களும் முன்னேறவே விழைந்தனர். ஆனால் ஒருவரை ஒருவர் முந்த விழையவில்லை. கார்னெகி என்னும் பெயரைக் கேட்கும்போது உருக்கு மன்னரும் வெற்றி ஆசானும் எம் நினைவுக்கு வருகின்றனர். தறியிழந்த வில்லியம் கார்னெகியும் உடன் நினைவுக்கு வருவாராயின், அப்பெயரை நாம் முழுமையாக வாசித்தவர்களாவோம்.